ஆம்பளை ஜெயிலில் இசக்கி

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தியாகிகளுக்கு சர்க்கார் பென்ஷன் என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், இந்த அறுபத்தேழாம் வருஷத்தில் தென்காசியில் தெருவுக்கு நாலு தியாகிகள் முளைத்துவிட்டார்கள். இத்தனை பேர் இருந்தும் வெள்ளைக்காரன் நாற்பத்தேழு வரைக்கும் தாக்குப்பிடித்தது அவன் சாமர்த்தியம்தான்.

மனு போட்டவர் தன்னோடு ஜெயிலில் இருந்தார் என்று பழைய தியாகி ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். இந்த மனுவுக்கு எழுதிக் கொடுத்தவர் நெசவாளி கிதிர் முகம்மது. மனு போட்டவள் குற்றாலத்து மலையில் விறகு பொறுக்கி விற்ற இசக்கி. விசாரிக்கக் குற்றாலிங்கம் பெரியவரின் தறி வீட்டுக்கே வந்திருந்தார்.

"ஏன் பாய், நீங்க இருந்தது ஆம்பளை ஜெயிலு. இந்தம்மா எப்படி உள்ள வந்தா? விறகுக் கட்டுக்குள்ள ஒளிஞ்சா?"

பெரியவர் தறியை நிறுத்தவில்லை.

எழுபத்திரண்டு வயசு. அந்நியத் துணியை எரிக்கச் சொன்ன காலத்தில் ஊரெல்லாம் கிழிந்த வேட்டியாகப் பார்த்து எரித்தது. இவர் ஒருத்தர்தான் தறியில் கிடந்த சீமை நூலையே நெருப்பில் போட்ட புத்திசாலி. உப்புக்கு ஆறு மாசம் உள்ளே போனார். நாற்பத்திரண்டில் இரண்டு வருஷம். சுதந்திரம் வந்தது, கூட இருந்தவர்கள் மேடை ஏறினார்கள், இவர் மறுபடியும் தறிக்குழியில் இறங்கினார்.

"பொய் சர்டிபிகேட் பாய். உங்க பென்ஷனும் போயிரும், கேசும் வரும். தெரியும்லா?"

"தெரியும்."

"பெறகு எதுக்குப் போட்டிய?"

"நாப்பத்திரெண்டுல என்னைய புடிச்சிட்டுப் போனப்ப எம் பொண்டாட்டி டைபாய்டுல கெடந்தா. நாலு புள்ளைய. போலீசுக்குப் பயந்து சொந்தக்காரன்கூட எட்டிப் பாக்கல. இவ வந்தா. அரிசிப் பஞ்சத்துல விடியுமுன்ன ரேஷன் கடை வரிசையில போய் நிப்பாளாம். கெடச்சா மொதக் கஞ்சி எம் புள்ளையளுக்குத்தான். ஜெயில்ல எனக்காவது வேளைக்குச் சோறு வந்துச்சு. இப்ப அவளுக்குக் கண்ணு போச்சு, மலை ஏற முடியல. எவன் சோறு போடுதான்?"

"பாவம்தான். ஆனா கஞ்சி ஊத்துனவளுக்கெல்லாம் சட்டத்துல இடமில்லையே."

குற்றாலிங்கம் மனுவைத் தள்ளுபடி செய்யப் பேனாவைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடினார். வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து இன்னொரு மனுவை எடுத்தார். குரலில் திடீரென்று ஏகப்பட்ட மரியாதை.

"எங்கப்பாவும் நாப்பத்தி மூணுல உங்ககூடத்தான் இருந்தாவ. இது பொய்யில்ல. உங்களுக்கே தெரியும்."

தறி நின்றது.

"தெரியாம என்ன? பக்கத்துக் கொட்டடிதான். ரேஷன் அரிசியை மூட்டை மூட்டையா செங்கோட்டை வழியா மலையாளத்துக்குக் கடத்துன கேசு. இசக்கி வரிசையில நின்னது அந்த அரிசிக்குத்தான். குடுங்க தம்பி, கையெழுத்துப் போடுதேன். என்ன கேசுன்னும் எழுதிரட்டா?"

குற்றாலிங்கம் அப்பாவின் மனுவை மடித்து உள்ளே வைத்தார். இசக்கியின் மனுவை எடுத்து, 'நேரில் விசாரித்தேன், முற்றிலும் உண்மை' என்று எழுதினார்.