ஒரு தலை அதிகம்

சண்பகா நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதமூர்த்தியால் எதிரே எழும்பிய தொண்ணூறு மாடிக் கோபுரத்தைத் தடுக்க முடியவில்லை. நகருக்குள்ளாவது இனி ஒரு தலைகூடக் கூடாது என்று மனு எழுதி உத்தரவு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நகரின் வாயிற்கதவே தலைகளை எண்ணியது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் குந்தவியைக் கதவு நிறுத்தியது. “ஒரு தலை அதிகம்.”

“கல்யாணமாகிப் போன எங்க பாப்பா இடத்தைக் காலியாத்தானே வெச்சிருக்கோம்!” என்று குதித்தார் வேதமூர்த்தி.

“பாப்பாவுக்கு இடம் இருக்கிறது, ஐயா. பாப்பாவின் பாப்பாவுக்குத்தான் இல்லை.”

மனைவி ஒரே பேச்சில் முடித்தாள். “பத்தியச் சமையல் நீங்களா செய்யப்போறீங்க? ஒரு தலை குறையணும்ல, நீங்க கிளம்புங்க.”

கோபுரத்தின் எழுபத்திரண்டாம் மாடியில்தான் வாடகைக்கு இடம் கிடைத்தது. மறுமாதமே, மேலே இன்னும் இருபது மாடி ஏறப்போகிறதென்று கோபுரவாசிகள் பதறி வந்தார்கள். “சார், மனு எழுதுறதுல உங்க கை ராசியான கையாமே!”

வேதமூர்த்தி நெஞ்சு நிமிர்த்தி எழுதினார்: ‘எங்கள் கோபுரத்தில் இனி ஒரு தலைகூடக் கூடாது.’

போன் அடித்தது. “பேத்தி பொறந்துட்டா!” என்றாள் மனைவி. “பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கதவு விடமாட்டேங்குது. உங்ககிட்டதான் தங்க அனுப்பறேன்.”

வேதமூர்த்தி ‘இனி’யை அடித்துவிட்டு, ‘நாளை முதல்’ என்று திருத்தினார்.