படத்தில் இல்லாத வசனம்

வாயே திறக்காத பெண்ணுக்குக் கீழே வசனம் ஓடியது.

சாம்பவி படத்தை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட விட்டாள்.

செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்படும் விண்கலத் தலைவன் வாசலைக் கடந்து போகிறான். யன்னலடியில் நிற்கும் பெண் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. கீழே மட்டும் வெள்ளை எழுத்தில், "போறதெண்டால் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கோ."

இதை யார் சொல்வது?

வெள்ளவத்தையில், காலி வீதிச் சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுவது வேலை. அனுஜன் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புவான். சாம்பவி பிழை பார்த்து அனுப்பிவைப்பாள்.

அனுஜனுக்குக் கை சும்மா இராது. இந்தியாவிலும் பார்ப்பார்கள், எங்களூர்ப் பேச்சு வரக்கூடாது என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று! 'கதைக்க' என்று எழுதித் தொலைப்பான். அவள் 'பேச' என்று மாற்றுவாள். போன மாதம் ஒன்று அவள் கண்ணுக்கும் தப்பிப் போய்விட்டது. இனி ஒரு பிழை வந்தால் வேலை இல்லை என்று முதலாளி அவனுக்குச் சொல்லிவிட்டார்.

இப்போது பார்த்தால் ஒரு முழு வசனமே!

அவளுக்கு அன்று அங்கே கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ணுக்குப் பயணம். அங்கே மாப்பிள்ளை பேசி முற்றாக்கியாயிற்று. போகிற நேரத்தில் அவன் வேலைக்கு உலை வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

ஒருவேளை படத்தின் மூல நாவலில் இருக்குமோ?

அறுபது வருடத்துக்கு முந்திய விஞ்ஞான நாவல் அது. அதை வாசிக்காமல் படத்தைத் தொடக்கூடாது என்று அடம்பிடித்து, தன்னுடைய பிரதியையே அனுஜன் கூரியரில் அனுப்பியிருந்தான். சாம்பவி கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். அங்கே அந்தப் பெண் யன்னலடியில் இல்லவே இல்லை. நல்ல நித்திரையில் இருக்கிறாள். அவளை எழுப்பாமலே அவன் போய்விடுகிறான்.

சரி, அதே நாவலை முன்பு ஒருமுறை எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில்?

அதையும் தேடிப் பிடித்து ஓட விட்டாள். அதில் அவன் பாதி வழியில் திரும்பி ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறான். வயலின் வேறு இழுக்கிறார்கள். அந்தப் பெண் அழுது அழுது என்னென்னவோ சொல்கிறாள். இதை மட்டும் சொல்லவில்லை.

அட, பின்னே எங்கிருந்துதான் வந்தது?

வேடிக்கை என்னவென்றால், வசனம் அந்த இடத்தில் அப்படிப் பொருந்தியது. அது இல்லாமல் பார்த்தபோது விண்கலத் தலைவன் பெரிய வீரனாகத் தெரிந்தான். அதை வாசித்த பிறகு, ஒரு சொல் சொல்லத் தைரியம் இல்லாத பயந்தாங்கொள்ளியாகத் தெரிந்தான். அவளுக்கு அவன்மேல் கோபமே வந்தது.

போனை எடுத்தாள்.

"அனுஜன், இந்தக் கடைசி வசனம் புத்தகத்திலையும் இல்லை, பழைய படத்திலையும் இல்லை. ஆர் சொல்லுறது இது?"

அந்தப் பக்கம் தூரத்தில் மாதா கோயில் மணி கேட்டது.

"நான்தான். ஒஃபிசிலை எல்லாருக்கும் கேக் குடுத்துப் போறதைச் சொன்னனீங்களாம். எனக்கு மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. உங்களைத் தவிர ஒருத்தரும் அதை வாசிக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சுதான் எழுதினனான்."

அதைச் சொல்வதற்காக, மாப்பிள்ளை பேசத் தொடங்கிய நாளிலிருந்து சாம்பவி எத்தனை தரம் அவன் நம்பரை எடுத்தாள், எத்தனை தரம் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெடியன் என்றால் அம்மா என்ன சொல்லுவா என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

வசனத்தை அழித்தாள். யன்னலடியில் அந்தப் பெண் மறுபடி வாய் திறக்காமல் நின்றாள். மற்ற வசனங்களை அனுப்பிவிட்டாள். அவன் வேலை தப்பியது.

அவன் இன்னும் போனில்தான் இருந்தான்.

"உங்களுக்குச் சொல்லியிருந்தால், அனுஜன்," என்றாள், "நான் பிளேன் ரிக்கற்றே போட்டிருக்கமாட்டன்."