திங்கள், மூன்று ஐம்பத்திரண்டு

கட்டுரை தயாராக இருந்தது. அனுப்பும் பொத்தானை நான் இன்னும் அழுத்தவில்லை.

பாங்காய் என்ற சிறு நகரத்து நூலகத்தின் கணினி அறையில் சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைக் காட்டியது. திங்கட்கிழமை.

"என்ன விலிசோனி அண்ணே, பன்னெண்டு வாரமா இதே கூத்து" என்றாள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபுசி. "கெடு ஞாயித்துக்கிழமை. அதே வகுப்புல படிக்கிற என் மக சனிக்கிழமையே அனுப்பிட்டு ஊர் சுத்தப் போயிடுறா. நீ திங்கக்கிழமை வந்து ஒக்காந்து கடிகாரத்த முறைக்கிற."

"இன்னும் நேரம் இருக்கு."

"இருக்கும், இருக்கும். ஒனக்குன்னு தனியா ஒரு ஞாயிறு போட்டுக் குடுத்திருக்காங்களோ என்னவோ."

எங்கள் வழக்கப்படி துக்கத்துக்காக இடுப்பில் கட்டியிருந்த பாயின் ஓரம் நாற்காலியில் இடித்து வயிற்றைக் குத்தியது. ஓராண்டு கட்ட வேண்டும். இன்னும் ஏழு வாரம்.

ஹவாயில் உள்ள ஒரு கல்லூரி இணையத்தில் நடத்தும் எழுத்து வகுப்பு. முதல் பாடமே படிக்கத் தயாராவது எப்படி என்பதுதான். வாரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கு எந்த நேரம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னார்கள்.

நான் புதிதாக எழுதவில்லை. போன ஆண்டு இதே வகுப்புக்கு என் மனைவி லூபே போட்ட அட்டவணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியபடி இருந்தது. செவ்வாய் வாசிப்பு. புதன் முதல் வரைவு. வெள்ளி திருத்தம். சனிக் கட்டத்தில் 'பாங்காய்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக் கட்டத்தில் ஒன்றுமில்லை. டோங்காவில் அன்று யாரும் வேலை செய்வதில்லை, படகும் எடுப்பதில்லை.

எங்கள் தீவில் தேவாலய மேட்டில் ஏறிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் ஒரு சின்ன மின்கடிதம் போகும். கட்டுரை போகாது. அதற்கு இரண்டு மணி நேரம் படகில் பாங்காய் வர வேண்டும்.

லூபே தற்காலிக ஆசிரியை. இந்த வகுப்பில் தேறினால்தான் வேலை நிலைக்கும். ஒரு கட்டுரை தவறினாலும் தேற முடியாது.

போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை வானொலியில் காற்று எச்சரிக்கை சொன்னார்கள். அவள் மேட்டில் நின்று, வகுப்பை நடத்தும் பேராசிரியர் ஹாலட்டுக்கு எழுதினாள். சனிக்கிழமை கடல் மோசமாக இருக்கும், ஞாயிறு எங்களுக்குப் படகு இல்லை, திங்கள் காலை அனுப்பலாமா என்று கேட்டாள்.

பதில் உடனே வந்தது. "கெடு ஞாயிறு மாலை ஐந்து மணி. வானிலையும் வழிபாடும் காரணங்கள் ஆகா. நேரத்தை நிர்வகிப்பதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதி."

சனிக்கிழமை நான்தான் படகை ஓட்டினேன்.

"ஒரு கட்டுரைக்காக இந்தக் காத்துல போகணுமா?" என்று கேட்டேன்.

"மீனுக்காக நீ இதவிட மோசமான காத்துல போயிருக்க. இது என் மீனு. பேசாம மோட்டாரப் புடி" என்றாள். பையை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

பவளத்திட்டு வாயிலில் படகு கவிழ்ந்தது.

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நான் மறுநாள் வரை கிடந்தேன். ஆளைத் தேடுவதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்கலாம். எடுத்தார்கள். என்னை அன்றே கண்டார்கள். அவளை மறுநாள்தான்.

அதே வகுப்பில், அதே ஹாலட்டிடம் நான் சேர்ந்தேன். லூபே பிறந்த வீட்டுப் பெயரில் படித்தவள். என் பெயர் அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை.

கடைசிக் கட்டுரையை மட்டும் அவரோடு துறைத் தலைவரும் படிப்பார். இருவரும் கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது கல்லூரியின் விதி. அந்த ஒரு விதிக்காகத்தான் பன்னிரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தலைப்பு அவர்கள் கொடுத்தது: 'இந்தப் படிப்பில் நான் நேரத்தை நிர்வகித்த விதம்.'

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தினேன்.

ஃபுசி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். திரையில் ரசீது வந்தது.

'பெறப்பட்டது. ஞாயிறு, மாலை 4.52. உரிய நேரத்தில்.'

"ஞாயிறா?" என்றாள் ஃபுசி.

அங்கே இன்னும் ஞாயிறுதான். எங்கள் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்று லூபே கணக்குப் போட்டிருந்தாள். மணி சரி, கிழமை தவறு. தேதி மாறும் கோடு எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓடுகிறது. இங்கே திங்கள் மாலை நான்கு ஆகும்போதுதான் அங்கே ஞாயிறு மாலை ஐந்து.

முதல் வாரம் எனக்கும் இது தெரியாது. ஹாலட் தாமதம் என்று தள்ளட்டும், அதை வைத்துச் சண்டை பிடிக்கலாம் என்றுதான் திங்கட்கிழமை வந்து அனுப்பினேன். இதே ரசீது வந்தது. அன்றுதான் நூலகத்து வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்தேன்.

அவள் கெஞ்சிக் கேட்ட திங்கள் காலை ஏற்கெனவே அவளுடையது. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

கட்டுரையில் முதலில் லூபேயின் கடிதத்தை வைத்தேன். அதன் கீழே அவர் பதில். அதன் கீழே என் பதினொரு திங்கட்கிழமை ரசீதுகள். அவற்றின் கீழே, எட்டாம் வாரம் அவர் எனக்கு எழுதிய பாராட்டு: "ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. நேர நிர்வாகத்தில் நீங்கள் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டு."

கடைசியில் நானாக எழுதியது இரண்டே வரி.

'என் மனைவியைக் கரைக்குத் தூக்கி வந்தபோது திங்கள் மதியம் மணி இரண்டு. கெடுவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.'