மூன்றாம் படியோரத்துக் கறை

நோர்பரியில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டின் மாடிப்படியில், சுவரின் ஈரம் காட்டும் கருவியும் கையுமாக நிற்கிறாள் சுசிலா. வீடுகளைப் பரிசோதிக்கும் பயிற்சியில் இது அவளுக்குக் கடைசி வீடு. இந்த அறிக்கை சரியாக அமைந்தால்தான் சான்றிதழ். கதவின் வண்ணக் கண்ணாடி வழியே வரும் காலை வெளிச்சம் மூன்றாம் படியோரச் சுவரில் விழுகிறது. அங்கே தோசையளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பார்த்த மாத்திரத்தில் ஈரம் என்று படிவத்தில் எழுதிவிட்டாள். இப்போது கருவியின் ஊசிகளைக் கறையில் அழுத்தினால் அது வாயே திறக்கவில்லை; சுவர் காய்ந்துதான் இருக்கிறது. "அப்ப காரணம் என்ன, அக்கா?" என்கிறான் அவளை மதிப்பிட வந்திருக்கும் சயந்தன், அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். அவள் சுவரோடு மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கிறாள். நல்லெண்ணெய். மற்றப் படிகளின் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்க, இங்கே மட்டும் ஏன்? ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்து கீழே நிற்கும் வீட்டுக்காரர் ஆனந்தராஜா தொண்டையைச் செருமுகிறார். "நாலு தரம் பெயின்ற் அடிச்சிட்டன், பிள்ளை. திரும்பவும் வருது." அவருடைய நரைத்த தலை எண்ணெயில் மினுங்குகிறது. "ஐயா, ஒருக்கா இதில இருங்கோ," என்று படியைக் காட்டுகிறாள் சுசிலா. அவர் மூன்றாம் படியில் அமர்கிறார். "வேலையால வந்தா இதில இருந்துதான் சப்பாத்துக் கழட்டுறனான்," என்றபடி குனிந்து ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றுகிறார். மற்றதற்குக் கை போகவில்லை. தலை தானாகச் சரிந்து கறையில் பொருந்துகிறது, கண்கள் மூடுகின்றன. சுசிலா, படிவத்தில் ஈரம் என்று எழுதியதை ஓசைப்படாமல் கோடிட்டு வெட்டுகிறாள்.