மாஸ்டரின் மதர்போர்டு

“அதுல மெமரி மாட்ட ரெண்டே ரெண்டு இடந்தான் இருக்காமே. நாலு இருக்க வேணாமா?”

கொடியில் சட்டையை உதறிப் போட்டபடி மனைவி கேட்டதும், மாஸ்டர் கையிலிருந்த கிளிப்புகளைக் கீழே வைத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு அவர் வாங்க நினைத்த புது மதர்போர்டில் அவள் கண்டுபிடித்த மூன்றாவது குறை இது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நிஜ ரோட்டில் அவர் கார் ஒரு கீறல் வாங்கியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டினால் வளைவுக்கு வளைவு படம் உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது கார் சுவரில் முட்டிக்கொண்டு இருக்கும். சேர்ந்து விளையாடுகிறவர்களோ அவரிடமே படிக்கும் மாணவர்கள். ‘சுவர் மாஸ்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். போன வாரம் ஒருவனை பிரேக்கை மிதிக்கச் சொன்னதற்கு, “நீங்க மிதிச்சீங்களா மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டான். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

எல்லாம் அந்தப் பழைய மதர்போர்டு செய்கிற வேலை. விலை குறைவாக, விளையாட்டுக்கென்றே வந்திருக்கும் ஒரு போர்டை மாஸ்டர் பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குள் அதை மாட்டிவிட்டால் போன மானம் திரும்பிவிடும்.

ஆனால் மனைவி சம்மதிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விளையாட்டு ஸ்டீரிங்கை வாங்கி வந்து, அது கட்டிலுக்கு அடியில் கையும் களவுமாகப் பிடிபட்ட நாளில், இனி கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணமாகி இத்தனை நாளில் மனைவி இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அறிவியல் பட்டதாரிதான். ஆனால் வேலைக்கு இன்டர்வியூ என்று போனால், தன் பெயரைச் சொல்வதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அலுத்துப்போய் இப்போது தினமும் தையல் வகுப்புக்குப் போகிறாள். ஒரு தலையணை உறைகூட இன்னும் வீடு வந்து சேரவில்லை. மாஸ்டர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. போர்டு கைக்கு வரும்வரை வீட்டில் சமாதானம் முக்கியம்.

அப்படிப்பட்டவள் இந்த மதர்போர்டு விஷயத்தில் மட்டும் வக்கீல் போலக் குறுக்கு விசாரணை செய்தாள்.

முதலில், விலை குறைவென்றால் சீக்கிரம் சூடாகிவிடாதா என்றாள். மாஸ்டர் வீடியோ வீடியோவாகப் பார்த்து மறுநாள் பதிலோடு வந்தார். “மலைப்பாதையில லோடு ஏத்திட்டுப் போற வண்டிக்குத்தான் பெரிய ரேடியேட்டர் வேணும். நம்ம பிராசசர் சாது. இதுல இருக்கிற தகடே அதுக்குத் தாராளம்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா,” என்றாள்.

தான் சொன்னதை மறுபடி கேட்க ஆசைப்படும் மனைவி எத்தனை பேருக்கு அமையும்? மாஸ்டர் உச்சி குளிர்ந்து இன்னொரு முறை சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, வைஃபை இல்லையாமே என்று இழுத்தாள். ரேடியோ இல்லாவிட்டால் கார் ஓடாதா, பந்தயத்துக்கு ஒயர்தான் நம்பிக்கை என்று அதையும் முடித்து வைத்தார்.

இப்போது மெமரி. இதற்கும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார்.

“இருக்கிறது ரெண்டு பேர். நாலு சீட்டு வண்டியை வாங்கி ரெண்டைக் காலியா ஓட்டுனா பெட்ரோல்தான் நஷ்டம். ரெண்டு சீட்லயும் ஆளை வாட்டசாட்டமா உக்கார வெச்சாப் போதும்.”

மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. “நல்லாருக்கு,” என்றாள்.

“அப்ப வாங்கிடலாமா?”

“என்ன அவசரம்? நம்மகிட்ட இருக்கிற பழைய பிராசசர் இதுல உக்காருமான்னு பார்த்துச் சொல்லுங்க.”

உட்காரும் என்று ஆதாரத்தோடு சொன்னார். அப்போதும் யோசிக்கலாம் என்றாள். சனிக்கிழமையும் வந்துவிட்டது. அவள் தையல் வகுப்புக்குக் கிளம்பிய கையோடு மாஸ்டரும் கிளம்பினார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, இதுவரை போகாத ஒரு கம்ப்யூட்டர் கடையாகப் பார்த்து நுழைந்தார்.

கடைக்காரர் போர்டின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். இப்போதெல்லாம் அதுதான் நன்றாகப் போகிறதாம். விலையை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போமே என்று மாஸ்டர் மனைவியின் ஆயுதத்தையே கையில் எடுத்தார்.

“மெமரிக்கு ரெண்டே இடந்தானே சார் இருக்கு?”

“அதெல்லாம் நம்ம புதுப் பொண்ணு சொல்லும், இருங்க. சேர்ந்து ஒரு மாசந்தான் ஆகுது. ஆரம்பத்துல வாயே திறக்காது. கஸ்டமர் என்ன கேட்டாலும் ‘நாளைக்கு வாங்க, சொல்றேன்’னு அனுப்பிடும். மறுநாள் பாருங்க, புட்டுப் புட்டு வைக்கும். வீட்டுக்குப் போய் யாரைக் கேட்டுட்டு வருதோ தெரியல.” உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “அம்மா, மெமரி பத்திக் கேக்கறாங்க.”

அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னாலிருந்து தயக்கமே இல்லாத குரல் வந்தது.

“நாலு சீட்டு வண்டியை வாங்கி ரெண்டைக் காலியா ஓட்டுனா பெட்ரோல்தான் சார் நஷ்டம்.”

மாஸ்டருக்கு, பந்தயத்து வளைவில் உறையும் படம்போல, கையும் காலும் அப்படியே நின்றுவிட்டன. கடையின் நீலச் சட்டையும் கையில் மதர்போர்டு பெட்டியுமாக வெளியே வந்தவளும் ஒரு கணம் நின்றாள்.

“தையல்…” என்று தொடங்கினார் மாஸ்டர்.

பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு மனைவி கேட்டாள், “வீட்டுல கேட்டுட்டுத்தானே வாங்க வந்தீங்க, சார்?”