பெர்னிஸ் கொடுத்த காபி

கணவனுக்குப் பயந்து ஓடிவரும் பெண்களின் காப்பகம் அரசு மானியத்தை ஒழுங்காகச் செலவிடுகிறதா என்று தணிக்கை செய்ய வந்தார் ஹால்வர்சன். காப்பகத்தின் இயக்குநர் டார்லா கொடுத்த விலாசத்தில் கதவைத் தட்டினார்.

பின்னல் ஊசியோடு பெர்னிஸ் என்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

“காப்பகமா? இங்க நாங்க ஸ்வெட்டர்தாங்க பின்றோம்.”

“நான் அரசாங்க ஆடிட்டர்மா. இதோ அடையாள அட்டை.”

“போட்டோவுல இருக்கறவருக்கு முடி இருக்கே!”

“அப்ப இருந்துச்சும்மா.”

பனியில் நிற்கவைத்தே ஒரு கப் காபி கொடுத்தாள். சிரித்தபடி குடித்தார். கப்பைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

போன் அடித்தது. டார்லாதான்.

“எதிர் வீட்டுக்கு வாங்க சார், அதுதான் காப்பகம். யார் கேட்டாலும் முதல்ல பெர்னிஸ் வீட்டு விலாசத்தைத்தான் குடுப்போம்.”

“என் அட்டையை நம்பலையா?”

“பொய் அட்டையோட புருஷனுங்களே வந்திருக்காங்க சார். பனியில நிக்கவெச்சும் கோபப்படாம காபி கப்பைத் திருப்பிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்.”