உதறாத கிடா

“தண்ணி தெளிச்சதும் கெடா உதறுனாத்தாங்க மேடம் சாமி உத்தரவு கொடுத்ததா அர்த்தம். உதறலைன்னா நீங்க லாரியோட திரும்பிப் போயிரணும்” என்றார் பூசாரி பச்சியப்பன்.

“சரிங்க பூசாரி. லாரியும் கிரேனும் நல்லம்பள்ளியில நிக்குது. சாமி சொன்னதும் வரச் சொல்றேன்” என்றாள் அருங்காட்சியக அதிகாரி சுசித்ரா.

சாமி என்பது ஒரு பழைய நீராவி எஞ்சின். எங்கோ கரும்புத் தோட்டத்தில் ஓடி ஓய்ந்ததை, மரவள்ளிக்கிழங்கு மில் பாய்லருக்கு ஆகும் என்று ஏற்றி வந்தார்கள். பென்னாகரம் சாலையில் லாரி அச்சு முறிந்தது. ஓரமாக இறக்கி வைத்த எஞ்சின் அதன்பிறகு யார் இழுத்தும் நகரவில்லை. நகராததால் முனியப்பன் ஆகிவிட்டது.

பச்சியப்பனுக்கு அதுதான் உயிர். “ஒத்தையில நிக்கிறியேப்பா, உனக்கொரு தொணை வரக்கூடாதா?” என்று முப்பது வருஷமாக அமாவாசைதோறும் கற்பூரம் காட்டி அழுகிறவர். ‘எஞ்சின் இடமாற்றம் தொடர்பாக நேரில் வருகிறோம்’ என்று கடிதம் வந்த நாள் முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ன சமாச்சாரம்னு அந்தம்மாவையே ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?” என்றாள் மனைவி தீர்த்தம்மாள்.

“கேட்டா, தூக்கிட்டுப் போறோம்பாங்க. நீ சும்மா இரு.”

அவர் சும்மா இருக்கவில்லை. கிடாவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குளிப்பாட்டினார். ஒரே வாரத்தில் அதற்குத் தண்ணீர் பழகிப்போயிற்று.

இப்போது ஊர் கூடி நிற்க, மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். தழையை மென்றது. மூன்றாம் முறை காதைக்கூட ஆட்டவில்லை.

“சாமிக்கு இஷ்டமில்லைங்க மேடம்” என்றார் பச்சியப்பன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சுசித்ரா வாதாடவில்லை. எஞ்சினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

“டிரைவர், லாரியைத் திருப்பிடுங்க. ஒரே தோட்டத்துல இதுகூட ஓடின ஜோடி எஞ்சினாச்சே, பக்கத்துலயே நிறுத்திடலாம்னு இவ்வளவு தூரம் ஏத்திட்டு வந்தோம். சாமி வேண்டாங்குது.”

பச்சியப்பன் குடத்தைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் கிடாவின் தலையில் கவிழ்த்தார்.

“உதறுடா! என் சாமி, ஒரே ஒரு தடவை உதறுடா!”

கிடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.